பத்து வருடம் காத்திருந்து ஒரு கல்யாணம்

தீவாந்தர தண்டனை என்றதும் நம் நினைவுக்கு வருவது செல்லுலார் சிறையும் செக்கிழுப்பும்தான். அந்தச் சிறையைக் கட்டத் தொடங்கியதே 1896இல்தான். அதற்குக் கிட்டத்தட்ட நாற்பது வருடம் முன்பிருந்தே அந்தமானில் ஆயுள் கைதிகள் இருந்தார்கள். காடு வெட்டினார்கள், பாதை போட்டார்கள். அவர்களில் சிலர் கல்யாணம் செய்து, வயல் உழுது, பிள்ளை பெற்று வாழவும் செய்தார்கள். குடும்பம் நடத்தும் உரிமையை அங்கே அரசாங்கம் தன் கையில் வைத்திருந்தது. ஆண் பத்து வருடம், பெண் ஐந்து வருடம் நல்லபடி தண்டனை அனுபவித்துக் காட்டினால் அந்த உரிமையைக் கேட்கலாம்.

1858 மார்ச் 10இல் டாக்டர் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளோடு போர்ட் பிளேயருக்கு வந்து இறங்கியபோது, கல்யாணத்தைப் பற்றி நினைக்க யாருக்கும் நேரமில்லை. காய்ச்சலும் பட்டினியும் கைதிகளைக் கொண்டுபோயின. நிலைமை கொஞ்சம் அடங்கியதும் அதிகாரிகளுக்கு வேறு கவலை பிடித்தது. ஆயிரக்கணக்கான ஆண்களை ஒரு தீவில் அடைத்துவைத்து, திரும்பிப் போக எந்த நம்பிக்கையும் கொடுக்காமல் எத்தனை காலம் அடக்கி ஆள முடியும்? ஊரிலிருந்து மனைவி மக்களை வரவழைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்துப் பார்த்தார்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்ற பயம் ஒருபக்கம், மலேரியாக் காடு என்ற பயம் மறுபக்கம். வந்தவர்கள் மிகச் சிலர். 1860களில் பெண் கைதிகளும் கப்பலேற்றப்பட்டார்கள்.

யார் அந்தப் பெண்கள்? கணவனைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர்கள் உண்டு. பெற்ற சிசுவைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர்களும் நிறைய. இளம் வயதில் தாலி அறுத்து, மறுமணத்துக்கு வழியில்லாமல், வயிற்றில் வளர்வதை ஊருக்கு மறைக்க வேண்டியிருந்த விதவைகள் அவர்களில் இருந்தார்கள். ஊரில் தாயாக இருக்க இடம் கிடைக்காத ஒருத்தியைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து, அங்கே குடும்பப் பெண்ணாக இருக்கச் சொன்னது அரசு. இந்தக் கொடுமையை எந்த நிர்வாகக் காரணமும் சமாதானப்படுத்தாது.

போர்ட் பிளேயரின் சவுத் பாயிண்டில் பெண்கள் சிறை இருந்தது. கல்யாணத்துக்கு அனுமதிச் சீட்டு பெற்ற ஆண் அங்கே போவான். பெண்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருப்பார்கள். காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவன் ஒருத்தியைத் தேர்ந்து ஓரிரு வார்த்தை பேசுவான். அவள் மறுக்கலாம். சம்மதித்தாலும் உடனே கல்யாணம் கிடையாது. இருவரின் மதம் என்ன, ஊரில் உயிரோடு துணை உண்டா, அவர்கள் வழக்கப்படி இந்தக் கல்யாணம் செல்லுமா என்றெல்லாம் விசாரிப்பார்கள். மறுக்கும் உரிமை இருந்தாலும் அதற்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும்? கல்யாணத்தை விட்டால், யார் வீட்டிலாவது வேலைக்கு அனுப்பப்படுவதுதான் சிறைக்கு வெளியே போக இருந்த இன்னொரு வழி.

அதற்கப்புறம் பிழைப்பு. பத்து வருடம் முடித்த ஆணுக்கு ‘செல்ஃப் சப்போர்ட்டர்’ என்று பெயர். அதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் கிடைத்த சொற்பக் காசைத் தீவின் சேமிப்பு வங்கியில் போட்டு வைத்தவன் புத்திசாலி. தொடக்கத்தில் வீடு, உணவு, கருவிகள் என்று உதவி உண்டு. வாடகையும் வரியும் கிடையாது. சில வருடங்களில் உதவி நின்றுவிடும், எல்லாக் கட்டணமும் தலையில் விழும். கைக்குழந்தை தவழத் தொடங்கும் நேரத்தில் அந்தக் கெடுவும் வந்து நிற்கும்.

இன்னொரு விதியும் இருந்தது. நன்னடத்தையுள்ள பெண் பதினைந்து வருடத்தில் விடுதலை பெறலாம், ஆணுக்கு இருபது, இருபத்தைந்து ஆகும். தம்பதியானால் ஒருவர் தண்டனை முடியும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். கைதி என்பதற்கு அடையாளமாகக் கழுத்திலிருந்த மரச்சீட்டைக் கழற்றியாயிற்று என்று நினைத்தவள், கணவனின் தேதியை எண்ணிக்கொண்டு அதே தீவில் இருந்தாள்.

கல்யாண வாய்ப்பும் எல்லோருக்கும் எட்டவில்லை. 1901இல் கைதிக் குடியிருப்பின் மக்கள்தொகை 16,106. அதில் கைதிகள் 11,947 பேர். பெண்கள் மிகச் சிறு பகுதிதான். பெரும்பாலான ஆண்கள் தனியாகவே வாழ்ந்து செத்தார்கள்.

கல்யாணம் வாய்த்தவர்களில் முகம்மது ஜாபர் தானேசரியின் கதை அவரே எழுதி வைத்ததால் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆங்கிலேயரை எதிர்த்த வஹாபி இயக்கத்தார் மீதான வழக்கில் தண்டிக்கப்பட்டு, மனைவி மக்களை ஊரில் விட்டு 1866இல் அந்தமான் வந்தவர். அங்கே ஒரு காஷ்மீரிப் பெண்ணை மணந்தார்; அவர் சீக்கிரமே இறந்துபோனார். பிறகு அல்மோராவைச் சேர்ந்த, இஸ்லாமுக்கு மாறிய பிராமணப் பெண்ணை மணந்தார். 1883இல் விடுதலையாகித் திரும்பியபோது கூடவே மனைவியும் எட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஊரில் பதினேழு வருடமாகக் காத்திருந்த மனைவியின் மனநிலையை எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

தீவில் பிறந்த பிள்ளைகளை ‘லோக்கல் பார்ன்’ என்றார்கள். அப்பன் பஞ்சாபி, அம்மா வங்காளி என்றிருந்த வீடுகளில் பிள்ளைகள் இந்துஸ்தானி பேசி வளர்ந்தார்கள். மதராஸ் மாகாணத்திலிருந்து போன கைதிகளின் பிள்ளைகளும் அப்படியே. ஊரில் சம்பந்தம் பேச யாரும் இல்லாததால் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். சாதிக் கட்டு அங்கே தளர்ந்ததற்கு இதுவே பெரிய காரணம்.

1919–20இல் சிறைச்சாலைக் குழு இந்தக் குடியிருப்பைக் கைவிடச் சொன்னது. அது நடப்பதற்குள் 1921இல் மலபாரில் மாப்பிளா கிளர்ச்சி வெடிக்க, அதில் தண்டிக்கப்பட்டவர்கள் கப்பலேறினார்கள். குடும்பத்தை வரவழைத்தால் நிலம் தருவோம் என்றது அரசு. ஒரு சமுதாயத்தையே நாடு கடத்தும் வேலை இது என்று மலபாரில் எதிர்ப்புக் கிளம்பியது. இருந்தும் சில குடும்பங்கள் கடல் தாண்டி வந்தன. தெற்கு அந்தமானில் இன்றும் மஞ்சேரி, மலப்புரம், திரூர், வண்டூர் என்று ஊர்கள் இருக்கின்றன.

1942இல் ஜப்பானியர் வருவதற்கு முன் குடியேறியவர்களின் வழிவந்தோரை அந்தமான் நிர்வாகம் தனிப்பிரிவாக வைத்துப் பிற்படுத்தப்பட்டோர் சலுகை தருகிறது. அந்தச் சான்றிதழ் வேண்டுமென்றால், தாத்தாவோ பாட்டியோ எப்போது தீவுக்கு வந்தார்கள் என்பதற்குப் பேரப்பிள்ளைகள் ஆதாரம் காட்ட வேண்டும்.