தும்பை: பின்சுவர் ஓரத்துப் போர்ப்பூ

மழை விட்டதும் நம் குடியிருப்பின் பின்சுவர் ஓரம் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி எழுந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்டில் கணுவுக்குக் கணு பச்சை உருண்டை. அதைச் சுற்றி நகக்கண் அளவு வெள்ளைப் பூக்கள். தோட்டக்காரருக்கு அது களை. களைக்கொல்லி தெளித்துவிடலாம் என்று சங்கத்திலும் பேச்சு வந்திருக்கிறது. அதற்கு முன் அந்தச் செடியின் பழைய கதையைக் கொஞ்சம் கேளுங்கள். அதன் பெயர் தும்பை.

தொல்காப்பியம் போரின் கட்டங்களுக்குப் பூக்களின் பெயரையே வைத்திருக்கிறது. பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி. படையெடுத்துப் போவது வஞ்சி. கோட்டையை முற்றுகையிடுவது உழிஞை. இரண்டு அரசர்களும் நேருக்கு நேர் நின்று யார் வலியவர் என்று தீர்த்துக்கொள்ளும் சண்டைதான் தும்பை. வென்றவனுக்கு வாகை. 'வாகை சூடினார்' என்று இன்றைக்கும் தேர்தல் செய்திகளில் படிக்கிறோம். அதற்கு முன்னால் சூடிய தும்பை நினைவில் இல்லை. உயிர் போனாலும் போகட்டும் என்று களம் இறங்கியவன் சூடியது தாமரையோ மல்லிகையோ அல்ல, இந்த வரப்புச் செடியின் பூ. எந்த ஊரிலும் எவன் கைக்கும் எட்டுகிற பூ என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

சலவை வேட்டியைப் பார்த்தால் 'தும்பைப்பூ மாதிரி' என்கிறோம். 1810-இல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் இந்தப் பேரினத்துக்கு லூக்கஸ் என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் வெள்ளை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது. அவர் கண்ணிலும் முதலில் பட்டது அந்த வெள்ளைதான்!

போடிமெட்டைத் தாண்டிவிட்டால் இதே பூவுக்கு வேறு மரியாதை. ஓணத்துக்குப் பூக்களம் போடுகிறவர்கள் தும்பையைத் தேடி அலைவார்கள். திருக்காக்கரையப்பனுக்கும் அதைச் சாத்துவார்கள். மலைக்குக் கீழே போர்ப்பூ, மேலே திருவிழாப்பூ.

நம் ஊர்ப் பிழைப்பும் இதில் கொஞ்சம் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஏலப்பூ ஒரு நாள்தான் நிற்கும். அதற்குள் தேனீ வந்து போகாவிட்டால் காய் பிடிக்காது. ஏலம் பூக்காத மாதங்களில் தேனீக்கள் எங்கே போகும்? தோட்டத்து ஓரங்களிலும் பாதையோரங்களிலும் பூக்கிற தும்பை வகைகளுக்கும் மற்றக் காட்டுப்பூக்களுக்கும்தான். களை என்று அவற்றை ஒட்டச் சுத்தம் செய்துவிட்டால், ஏலம் பூக்கும்போது தேனீ இருக்காது. போடியில் ஏலக்காய் ஏலம் நடப்பதற்குப் பின்னால் இந்தப் பூக்களின் உழைப்பும் உண்டு.

தும்பை ஒரு பருவச் செடி. விதை முற்றியதும் தானே காய்ந்துவிடும். அப்போது அரிவாளால் அறுத்துப் போட்டால் போதும், மருந்து வேண்டியதில்லை. அதுவரை ஒரு நாள் காலை வெயில் ஏறியதும் பின்சுவர்ப் பக்கம் போய் நின்று பாருங்கள், தேனீக்கள் வந்திருக்கும். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். பூவை மெல்லப் பிடுங்கி அடிப்பக்கம் உறிஞ்சினால் துளித் தேன் நாக்கில் படும். மருந்து தெளித்த இடமாக இருந்தால் மட்டும் வேண்டாம்.