கடைமடைக்கு நீர் சேர்ந்த கதை

இங்கினியாகலையில் பட்டிப்பளை ஆற்றை மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் எழுந்த காலத்தில், நீரைக் கொணர்ந்துவிட்டால் நெல் தானே விளையும் என்று எண்ணியோர் பலர். 1949ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. காடு திருத்தப்பட்டது, குடியேறியோர்க்குக் காணி பகிரப்பட்டது, வாய்க்கால்கள் நீண்டன. ஆயினும் தலைமடையில் இருந்தவர் வேண்டிய மட்டும் நீரை எடுத்துக்கொள்ள, கடைமடையில் இருந்தவர் வானத்தை நோக்கிக் காத்திருந்தனர்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் புவியியலாளர் பி. எச். பாமர் தலைமையில் ஒரு குழு இத்திட்டத்தை ஆராய்ந்து, 1970இல் அறிக்கை வெளியிட்டது. செலவு பயனை விஞ்சிவிட்டது என்பது அதன் முடிபு. கணக்குச் சரியே, ஆனால் கணக்கினால் மடை திறந்துவிடுமா?

1979ஆம் ஆண்டு இடதுகரை வாய்க்கால்களைப் புனரமைக்கும் வேலை அமெரிக்க உதவியுடன் தொடங்கிற்று. கமக்காரரை ஒன்றுசேர்க்கும் பொறுப்பு, கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகத்துக்கும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துக்கும் வாய்த்தது. கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொப்பும் இலங்கை ஆய்வாளரும் முன்கூட்டியே வரைந்த சங்க விதிகளுடன் செல்லவில்லை. வேலையின்றி இருந்த இளம் பட்டதாரிகளைப் பயிற்றி, 1981இல் வயற்புறங்களிலேயே குடியிருத்தினர். அவர்கள் வீடு வீடாகச் சென்று குறை கேட்டனர். ஒரே வயல் வாய்க்காலில் நீர் பெறும் சிலரைக் கூட்டி, முதலில் வேலையைச் செய்வித்தனர். சங்கமும் பிரதிநிதியும் அதன் பின்னரே.

அவ்வாண்டுச் சிறுபோகத்தின்போது குளத்தில் காற்பங்கு நீரே இருந்தது. இரவிலே மடையை உடைத்து நீர் திருடுதற்கு ஏற்ற காலம் அது. நிகழ்ந்ததோ வேறு. நெடுநாள் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களைக் கமக்காரர் தாமே வெட்டித் துப்புரவாக்கினர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிஞ்சிய நீரைக் கீழே விட்டனர். மேலே இருந்தோர் பெரும்பாலும் சிங்களவர்; கீழே கடைமடையில் தமிழர். 1956இல் இக்கல்லோயாவிலேயே இனக் கலவரத்தில் உயிர்கள் பறிபோயின. யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதும் இதே 1981இல்தான். அத்தகைய ஆண்டில், மேலேயுள்ளவர் கீழேயுள்ளவருக்கு நீர் விட்டது சிறிய செய்தியன்று.

குறைகளும் இருந்தன. நிரந்தரமான அரசாங்க உத்தியோகம் கிடைத்ததும் பட்டதாரிகள் பலர் இடைநடுவில் விலகிச் சென்றனர். இளைஞரைக் குற்றஞ்சொல்வதற்கில்லை, அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது தற்காலிக வேலையே. எனினும் அவர்கள் கூட்டிவைத்த குழுக்கள் கலையவில்லை. கமக்காரர் நீரை வீணாக்குவர், ஒத்துழையார் என்று நம்பியிருந்த பொறியியலாளரும் அவர்களோடு அமர்ந்து பேசத் தலைப்பட்டனர்.

1988ஆம் ஆண்டில், பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களைக் கமக்காரரின் பங்குடன் நிருவகிப்பதை அமைச்சரவை அரசின் கொள்கையாக ஏற்றுக்கொண்டது. பல்கலைக்கழகத்தார் அங்கே கற்றுக்கொண்டதை, பெரிதும் வயல் வாய்க்காலில் நின்றவர்களே கற்பித்திருந்தனர்.

1997ஆம் ஆண்டுச் சிறுபோகத்திலும் குளத்து நீர் குறைந்தது. நெற்செய்கைக்கு அது போதாது என்று அதிகாரிகள் அறிவித்தனர். இடதுகரைக் கமக்காரர் தம் அமைப்புகளில் கூடி ஆலோசித்து, ஏறத்தாழ 65,000 ஏக்கரிலும் விதைத்தனர். தலைமடைச் சிங்களவருக்கும் கடைமடைத் தமிழருக்கும் நீர் முறையாகப் பகிரப்பட்டது. விளைச்சல் வழமையைவிட மேலாக இருந்தது.