வீட்டு போனின் பெட்டரி எங்கே இருந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

நம் பக்கம் பல வீதிகளுக்கு ஃபைபர் வந்துவிட்டது. பழைய செப்புக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி நார் இழுத்து, சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பிறகு பெரியவர்கள் கேட்பது இரண்டு கேள்விதான். "பழைய போன் இனி வேலை செய்யுமா?" "முந்தி கரண்ட் போனாலும் போன் வேலை செய்ததே, இப்போது ஏன் அதுவும் சேர்ந்து போகிறது?" இரண்டுக்கும் பதில் போனின் வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றை ஒரே கேள்வியால் சொல்லிவிடலாம்: போனுக்கு வேண்டிய பெட்டரி எங்கே இருந்தது?

1876 இல் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் காப்புரிமை பெற்ற பிறகு வந்த ஆரம்பகால போன்களில் பெட்டரி வீட்டுக்குள்ளேயே இருந்தது. சுவரில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் பெட்டரி, பக்கத்தில் ஒரு கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் எக்ஸ்சேஞ்சில் மணி அடிக்கும். பெட்டரி இறங்கிவிட்டால் பேச்சும் இல்லை. 1890களில் வந்த புது முறையில் பெட்டரி எக்ஸ்சேஞ்சுக்குப் போனது. அங்கே பெரிய பெட்டரி வரிசை, கரண்ட் நின்றால் ஓட ஜெனரேட்டர். அங்கிருந்து ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரம் அதே செப்புக் கம்பியில் வீட்டுக்கு வந்தது. ஊரே இருட்டாக இருந்தாலும் ரிசீவரைத் தூக்கினால் "ங்ங்" என்று சத்தம் கேட்டதன் காரணம் இதுதான்.

நம் நாட்டில் போனும் தபாலும் நீண்ட காலம் ஒரே திணைக்களத்தின் கீழ் இருந்தன. 1980 இல்தான் பிரித்தார்கள். தபாற்கந்தோரில் போன் பேசப் போய்க் காத்திருந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. 1991 இல் தொலைத்தொடர்புத் திணைக்களம் கூட்டுத்தாபனமாக மாறியது. 1997 இல் ஜப்பானின் என்.டி.டி நிறுவனம் சிறீலங்கா டெலிகொமின் 35 சதவீதப் பங்கை வாங்கியது. அந்த ஆண்டுகள் வரை வீட்டுக்கு ஒரு லைன் எடுப்பது என்றால் விண்ணப்பம் போட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் ஒரு தெருவில் ஒரு வீட்டில் போன் இருந்தால் அது தெருவுக்கே போன். சவூதியிலிருந்து கோல் வரும் நேரத்துக்கு முன்கூட்டியே அங்கு போய்த் திண்ணையில் இருந்த உம்மாமார் எத்தனை பேர்! பிறகு சந்திக்குச் சந்தி "கொமியூனிகேஷன்" கடைகள் வந்தன. 1996 இல் வேறு இரண்டு நிறுவனங்களுக்கும் கம்பியில்லா வீட்டு இணைப்பு கொடுக்க அனுமதி கிடைத்தது. 2003 இல் இலக்கங்கள் எல்லாம் பத்து இலக்கமாக மாறின. கல்முனைப் பக்கம் 067 2 என்று தொடங்குகிற அந்த வடிவம் அப்போது வந்ததுதான்.

இனி கோட்லஸ் போனுக்கு வருவோம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் ஸ்வைகர்ட் என்ற வானொலி ஆர்வலர் 1969 இல் இதற்கொரு காப்புரிமை பெற்றார். 1980களில் கடைகளுக்குப் பரவலாக வந்தது. நம் ஊர்களுக்குள் அது நுழைந்த வழிகளில் ஒன்று வளைகுடா. லீவில் வரும் வாப்பாவின் பெட்டியில் போர்வை, டேங் டின்னோடு நீட்டு அன்டெனா வைத்த ஒரு கோட்லஸ் போனும் இருக்கும்.

அந்தப் பழைய போன்களுக்கு இரண்டு குறை. ஒன்று, குரல் சாதாரண வானொலி அலை போலத்தான் போகும். பக்கத்து வீட்டிலும் அதே வகை போன் இருந்தால் நம் குடும்பக் கதை அங்கேயும் கேட்கலாம். இரண்டாவது, சவூதியில் அப்போது பல வீடுகளில் மின்சாரம் 127 வோல்ட். நம் நாட்டில் 230. அங்கே வாங்கிய அடெப்டரை இங்கே செருகினால் புகைதான். இந்த வரலாறு செகன்ட் ஹேண்ட் வாங்குகிறவருக்கு இன்றைக்கும் பாடம்.

இதற்குள் பெட்டரிக் கதையும் மெல்லத் திரும்புகிறது. கோட்லஸ் போனின் அடித்தட்டு வீட்டுக் கரண்டில்தான் ஓடும். வசதியைத் தந்தது, ஆனால் எக்ஸ்சேஞ்ச் பெட்டரியின் பாதுகாப்பை எடுத்துக்கொண்டது. அதனால்தான் விபரம் தெரிந்த வீடுகளில் கோட்லஸோடு பழைய வயர் போனையும் கழற்றாமல் வைத்திருந்தார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமி நம் கரையோரத்தின் கம்பங்களையும் கேபிள்களையும் வாரிக்கொண்டு போனது. அதற்கு அடுத்த காலப்பகுதியில் சீ.டீ.எம்.ஏ போன்கள் வந்தன. மேசை போன் போலவே இருக்கும், ஆனால் கம்பி இல்லை, சின்ன அன்டெனா. வரிசையில் நிற்காமல் கடையில் வாங்கிக்கொண்டு வரலாம். அதற்குள் ஒரு பெட்டரியும் இருந்தது. ஆக, பெட்டரி மறுபடியும் வீட்டுக்குள் வந்துவிட்டது. நாம்தான் கவனிக்கவில்லை.

ஃபைபர் இந்த மாற்றத்தை முழுமையாக்கியது. கண்ணாடி நார் ஒளியைக் கொண்டு வரும், மின்சாரத்தைக் கொண்டு வராது. எனவே மொடத்துக்குக் கரண்ட் நம் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவித்தார்களே, அப்போது பல வீடுகளுக்கு இது விளங்கியது. மொபைல் இருக்கிறதே என்று சொல்லலாம். ஆனால் மொபைல் மகனோடு வேலைக்குப் போய்விடும். வீட்டில் இருப்பது வயதான உம்மாவும் சின்னப் பிள்ளைகளும். 1990 அம்பியூலன்ஸுக்கோ 119 பொலிஸுக்கோ அவர்கள் அழைக்க வேண்டி வந்தால் கைக்கு எட்டுவது வீட்டு போன்தான்.

எனவே, குறைந்த செலவில் செய்யக்கூடியவை:

1. ஃபைபர் மொடத்தின் பின்னால் 'டெல்', 'போன்' அல்லது 'பொட்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதிய சின்னப் போர்ட் இருக்கும். போன் வயரை அதில் செருக வேண்டும். பக்கத்திலுள்ள அகலமான 'லேன்' போர்ட்டுக்குள் குத்தக் கூடாது. உங்கள் இணைப்பில் குரல் சேவையும் இருந்தால், பழைய போனே வேலை செய்யும். மிகப் பழைய, விரலால் சுற்றும் போன்களைப் பல மொடங்கள் ஏற்காது.

2. சுவரிலுள்ள பழைய சொக்கட்டுகளில் இனி உயிர் இல்லை. லைன் மொடம் இருக்கும் இடத்தோடு நின்றுவிடும். கோட்லஸ் போன் இப்போது பயன்படுவது இதற்குத்தான். அடித்தட்டை மொடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், கைபோனை உம்மாவின் கட்டிலடியில் வையுங்கள். புது வயரிங் தேவையில்லை.

3. செகன்ட் ஹேண்ட் வாங்கினால் 'டெக்ட்' வகை பாருங்கள். 1990களில் ஐரோப்பாவில் வந்த டிஜிட்டல் முறை இது. வைஃபையோடு மோதாது. ஆனால் அமெரிக்காவிலிருந்து வரும் 'டெக்ட் 6.0' வேண்டாம். அந்த 6.0 வெறும் விற்பனைப் பெயர். அது ஓடும் 1920–1930 மெகாஹேர்ட்ஸ் இங்கே மொபைல் வலையமைப்புக்குரிய பகுதி. 1880–1900 என்று இருந்தால் சரி.

4. அடெப்டரில் 100–240 வோல்ட் அல்லது 230 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். 120 மட்டும் இருந்தால் செருக வேண்டாம். அடெப்டரே இல்லாமல் விற்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

5. "செத்துப் போச்சு" என்று மலிவாகக் கொடுக்கும் கோட்லஸ் பலதில் பெட்டரி மட்டும்தான் செத்திருக்கும். அதிகமான மொடல்களுக்கு 1.2 வோல்ட் டிரிபிள் ஏ சார்ஜ் பெட்டரி இரண்டு போதும். சாதாரண பெட்டரி போட்டுச் சார்ஜ் பண்ணாதீர்கள். அது கசியும், வெடிக்கவும் கூடும்.

6. மொடத்துக்கு ஒரு சின்ன யூ.பீ.எஸ் வாங்குங்கள். மொடத்தின் அடெப்டரில் உள்ள வோல்ட்டும் அம்பியரும் அதோடு பொருந்த வேண்டும். அதோடு ஒரு சாதாரண வயர் போனையும் அதே லைனில் வைத்திருங்கள். கரண்ட் போனால் கோட்லஸ் நின்றாலும், வயர் போன் மொடத்திலிருந்தே மின்சாரம் எடுத்து வேலை செய்யும்.

முந்தி எக்ஸ்சேஞ்ச்காரர் பார்த்துக்கொண்ட பெட்டரி இப்போது நம் பொறுப்பு. லைன் பூட்ட வருகிறவர் இதைச் சொல்லாமலும் போகலாம். உங்கள் வீட்டில் பெரியவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்றால் இந்தக் கிழமையே ஒரு தடவை மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, போன் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

இன்னுமொன்று. உங்கள் தெருவில் முதன்முதலாக போன் வந்த வீடு எது, எந்தக் காலம், அந்த இலக்கம் என்ன என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கம்பத்தில் உள்ள செப்புக் கம்பி போகப் போகிறது. அதன் கதையாவது நம்மிடம் இருக்கட்டும்.