அவுரேலியா: விலை காட்டாத பெருமை

பழைய மோட்டார்க் கார்களைத் தேடிப் பேணுவோர் இன்று பல நாடுகளிலும் உளர். இத்தாலியக் கார் என்றதும் அவர்கள் உள்ளத்தில் முதலில் எழுவது, இரண்டு கதவுகளும் தாழ்ந்த கூரையும் கொண்ட விரைவுக் காரின் தோற்றமே. குடும்பத்தினரை ஏற்றிச் சென்ற நான்கு கதவுச் செடான் கார்களை நாடுவோர் சிலரே. ஆயினும், விரைவுக் கார்களுக்குப் புகழ் தந்த புதுமை முதலில் செடானிலேயே தோன்றியதும் உண்டு. லான்சியா நிறுவனத்தின் அவுரேலியா இதற்குத் தக்க சான்றாகும்.

பியட் நிறுவனத்தின் பந்தய ஓட்டுநராக விளங்கிய வின்சென்சோ லான்சியா, 1906ஆம் ஆண்டில் தூரின் நகரில் தமது தொழிற்சாலையை நிறுவினார். அக்காலக் கார்களில் இரும்புச் சட்டம் ஒன்றின்மேல் உடற்பகுதி தனியாகப் பொருத்தப்பட்டது. 1922இல் அவர் வெளியிட்ட லாம்டாவிலோ உடற்பகுதியே பாரத்தைத் தாங்கியது. பழகிய வழியை விட்டுப் புதுவழி காண்பதே அந்நிறுவனத்தின் இயல்பாயிற்று.

1937இல் வின்சென்சோ மறைந்தார். போருக்குப்பின் அவர் மகன் ஜியானி பொறுப்பேற்றார். தலைமைப் பொறியியலாளர் வித்தோரியோ யானோ. அவர்கீழ் பணியாற்றியவர் பிரான்செஸ்கோ தெ விர்ஜிலியோ. ஆறு சிலிண்டர்களை மும்மூன்றாக இரு வரிசைகளில் சாய்த்து அமைத்தால் இயந்திரம் குறுகும்; ஆனால் அதிர்வு மிகும். இச்சிக்கலைப் பல்லாண்டு ஆராய்ந்த தெ விர்ஜிலியோ, இரு வரிசைகளுக்கிடையே 60 பாகைக் கோணமே பொருத்தமானது எனக் கண்டார்.

அதன் பயனாக, 1950இல் தூரின் கண்காட்சியில் அவுரேலியா செடான் அறிமுகமாயிற்று. பழைய உரோமானிய நெடுஞ்சாலை ஒன்றின் பெயரே அதற்கு இடப்பட்டது. தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட கார்களுள் இத்தகைய இயந்திரத்தைத் தாங்கிய முதற் கார் இதுவே. இயந்திரம் முன்னால் இருக்க, கிளச்சும் கியர்ப்பெட்டியும் பின்சக்கரங்களின் அருகே வைக்கப்பட்டன. இதனால் எடை முன்னும் பின்னும் சமன்பட்டு, வளைவுகளிலும் கார் நிலைகுலையாது ஓடியது.

இவ்வமைப்பையே கொண்டு 1951இல் பி20 என்னும் இருகதவுக் கார் பிறந்தது. அவ்வாண்டே அது புகழ்பெற்ற மில்லே மில்யா பந்தயத்தில் இரண்டாமிடம் பெற்றது. பின்னர் பி24 என்னும் திறந்த காரும் வந்தது. இன்று இவ்விரண்டும் பெருவிலை பெறுகின்றன. செடானின் விலையோ அதில் ஒரு சிறு பங்கே.

செடானின் வேகம் குறைவு என்பது மெய்யே. முதற் செடானின் ஆற்றல் 56 குதிரைவலுத்தான். ஆனால் அதனைச் செப்பனிடும் செலவு மட்டும் குறைவதில்லை. செலவு விலையை மிஞ்சும்போது, செடானைப் பிரித்து அதன் உறுப்புகளை வேறு கார்களுக்குப் பயன்படுத்துவாரும் உளர். இவ்வாறு அழியும் ஒவ்வொன்றோடும் வரலாற்றுச் சான்று ஒன்று மறைகின்றது.

நுணுக்கமாகச் செய்யும் வேலைக்குச் செலவு மிகுதி. பந்தயச் செலவும் அதனோடு சேர்ந்தது. 1955இல் லான்சியா தன் பந்தயக் கார்களைப் பெராரியிடம் ஒப்படைத்தது. அதன்பின் நிறுவனம் குடும்பத்தின் கையைவிட்டு நீங்கியது. 1969இல் பியட் அதனை ஏற்றது. ஆனால் அவுரேலியா தொடக்கிவைத்த ஆறு சிலிண்டர் அமைப்பு, பின்னர் உலகெங்கும் கார்களில் பரவியது.

சந்தை அழகுக்கும் வேகத்திற்கும் விலை வைக்கின்றது. முதன்முதல் செய்து காட்டியமைக்கு விலை வைக்க அது அறியாது. ஆதலின், அவுரேலியாச் செடானைப் பேணுபவர் குறைந்த விலையில் ஒரு காரை மட்டும் பெறவில்லை. மோட்டார் வரலாற்றின் ஓர் அத்தியாயத்தையே காக்கின்றார்.