ஆய்க்குடி ராமகிருஷ்ணனும் நான் தாமதமாகப் படித்த பாடமும்



போன வாரம் எங்கள் பகுதியில் ஒரு சிறப்பாசிரியைக்குப் பணி நிறைவு விழா. என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசியவர்கள் எல்லாரும் "தாயுள்ளம்", "தெய்வ மனசு", "பொறுமையின் சிகரம்" என்று பாராட்டினார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த அம்மா என்ன படித்தார், எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்று ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மனசு உறுத்தியது. அதனால்தான் கொஞ்சம் நீளமான இந்தப் பதிவு.

முதலில் என் கதை. வருடம் 1986. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பிப் போனவன். ஐந்தாம் வகுப்பு படித்த அண்ணன்தான் முதுகில் தூக்கி வருவான். வாய்ப்பாடு கேட்டால் முதல் ஆளாகச் சொல்வான். அடுத்த ஜூனில் அண்ணன் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டான். தூக்கி வர ஆள் இல்லை. பீடி சுற்றும் அவன் அம்மா என்னிடம் வந்து, "பள்ளியோடத்துக்குப் போணும்னு அழுதுட்டே கெடக்கான் டீச்சர், என்ன செய்ய?" என்று கேட்டார். "வீட்டிலேயே இருக்கட்டும்மா, எதுக்குச் சிரமம்" என்றேன். ஆறுதல் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன். இப்படிப்பட்ட பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சியில் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் பதில் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. புளியங்குடியிலிருந்து கடையநல்லூர் வழியாகப் போனால் ஆய்க்குடி. முருகன் கோயிலுக்காக நாம் எல்லாரும் போகிற ஊர்தான். அங்கே அமர் சேவா சங்கம் தொடங்கி அப்போதே ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது.

அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் ஆய்க்குடிக்காரர். பொறியியல் படித்துக்கொண்டிருந்த இளைஞர். கடற்படை அதிகாரி ஆக வேண்டும் என்று 1975 ஜனவரியில் பெங்களூரில் நடந்த தேர்வுக்குப் போனார். உடல்திறன் சோதனையின்போது கீழே விழுந்து தண்டுவடத்தில் அடி. கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்தது. ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தபோது, ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல் என்ற மருத்துவர் அவருக்குத் துணையாக நின்றார். சங்கத்தின் பெயரில் இருக்கும் "அமர்" அவர்தான்.

1981ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்தது. அந்த வருடம்தான் ராமகிருஷ்ணன் சொந்த ஊரில், சக்கர நாற்காலியில் இருந்தபடியே, சின்ன அளவில் பள்ளியைத் தொடங்கினார். மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் பெரிய சட்டம் நம் நாட்டில் வந்தது 1995இல். அதற்கு 14 வருடம் முன்பே நம் பக்கத்துக் கிராமத்தில் ஒருவர் வேலையை ஆரம்பித்துவிட்டார்.

இன்னும் பின்னால் போனாலும் நம் பழைய திருநெல்வேலி மாவட்டத்துக்குப் பெருமை உண்டு. பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். சில வருடங்களில் ஃபிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்குத் தொடங்கினார். ஆனால் பாளையங்கோட்டை விடுதியில் பிள்ளையை விட எல்லாப் பெற்றோருக்கும் மனசு வருமா? கிராமத்துப் பிள்ளைக்குக் கிராமத்திலேயே வழி வேண்டும். ஆய்க்குடியின் முக்கியத்துவம் அதில்தான் இருக்கிறது.

பின்னாளில் எஸ். சங்கரராமன் அவரோடு சேர்ந்தார். பட்டயக் கணக்காளர், தசைச் சிதைவு நோயால் அவரும் சக்கர நாற்காலியில் இருப்பவர். சிறப்புப் பள்ளி, இயன்முறை சிகிச்சை, காலிப்பர் செய்யும் பட்டறை, தொழிற்பயிற்சி என்று சங்கம் வளர்ந்தது. மாற்றுத்திறன் உள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் ஒன்றாகப் படிக்கிற பள்ளியும் வந்தது. ஊர் ஊராக வீட்டுக்கே போய்ப் பிள்ளைகளைப் பார்க்கிற பணியாளர்களையும் உருவாக்கினார்கள். 2020இல் ராமகிருஷ்ணனுக்கு பத்மஸ்ரீ அறிவித்தபோது நம் மாவட்டமே மகிழ்ந்தது.

விழா மேடையில் நான் சொல்லத் தவறியதை இப்போது சொல்கிறேன். இந்த வேலைக்கு இரக்கம் மட்டும் போதாது. 1992இல் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் வந்த பிறகு, இதற்கென்று படித்துப் பதிவு செய்தவர்தான் சிறப்பாசிரியர். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையைப் பென்சில் பிடிக்க வைக்கும் முன், விழாமல் உட்கார வைக்க வேண்டும். நாற்காலி உயரம், கால் ஊன்றும் பலகை, தடித்த பென்சில் எல்லாம் பார்க்க வேண்டும். சட்டை போடச் சொல்லித் தருவதென்றால் அதைப் பத்துச் சின்னப் படிகளாகப் பிரிப்பார்கள். சில பிள்ளைகளுக்குக் கடைசிப் படியை முதலில் பழக்குவார்கள். வேலையை முடித்த சந்தோஷம் முதல் நாளே கிடைக்கட்டும் என்பதற்காக. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம். 40 பிள்ளைகளுக்கு ஒரே பாடக்குறிப்பு எழுதிய எனக்கு இது எவ்வளவு பெரிய வித்தை என்று தெரியும்.

2014இல் இளம்பிள்ளை வாதம் நம் நாட்டில் ஒழிந்ததாகச் சான்று கிடைத்தது. ஆனால் மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016 சட்டத்தில் 21. பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி அவர்கள் உரிமை. நம் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வருவார்கள். நடக்கவோ பேசவோ தாமதம் ஆனால், "தானா சரியாயிரும்" என்று காத்திருக்காதீர்கள். எவ்வளவு சின்ன வயதில் பயிற்சி தொடங்குகிறதோ அவ்வளவு பலன் உண்டு.

அந்தப் பையனைச் சில வருடங்களுக்கு முன் எலுமிச்சை மார்க்கெட்டில் பார்த்தேன். ஒரு கமிஷன் கடை ஓரத்தில் உட்கார்ந்து மூட்டைக் கணக்கை மனசுக்குள்ளேயே போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது. "டீச்சர், நல்லாருக்கீங்களா?" என்று இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டான். நான் என்ன சொல்ல?

பணி நிறைவு பெற்ற அந்த அம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் தெருவில் பள்ளிக்குப் போகாத ஒரு பிள்ளை இருந்தால், நான் சொன்னதைச் சொல்லாதீர்கள். வட்டார வள மையத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.