விழுந்தாலும் எழும் பட்டம்

மொரீஷியஸ் தீவின் தென்மேற்கு மூலையில் லெ மோர்ன் மலை உள்ளது. அதற்கு எதிரே, பவளப்பாறைகளின் மேல் உடைகிறது 'ஒன் ஐ' என்ற அலை. ஆழ்கடலிலிருந்து வரும் அலை, ஆழம் குறைந்த பாறைகளை எட்டியதும் சுவர் போல எழும்பும். அதில்தான் கைட் சர்ஃபிங் வீரர்கள், பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று சறுக்குகிறார்கள்.

பட்டம் தண்ணீரில் விழுந்துவிட்டால்? அது மீண்டும் எழாவிட்டால் அடுத்த அலை ஆளைக் கூர்மையான பாறைகளின் மேல் தள்ளிவிடும்.

இதற்கு வழி கண்டவர்கள் பிரான்சு நாட்டின் புருனோ, டொமினிக் லெகென்யூ சகோதரர்கள். காற்றடைத்த குழாய்கள் கொண்ட பட்டத்துக்கு 1984-இல் காப்புரிமை கோரினார்கள். குழாய்கள் மிதப்பதால் பட்டம் மூழ்காது. தண்ணீரிலிருந்தே அதை மறுபடி பறக்கவிடலாம்.

ஆனால் அது விண்ட்சர்ஃபிங் கொடிகட்டிப் பறந்த காலம். நிறுவனங்கள் பல ஆண்டுகள் ஆர்வம் காட்டவில்லை. சகோதரர்கள் மனம் தளரவில்லை. 1990-களில் 'விபிகா' என்ற பெயரில் தாங்களே விற்கத் தொடங்கினார்கள்.

1996-இல் ஹவாயின் மாவி தீவில் லேர்ட் ஹாமில்டனும் மனு பெர்த்தினும் கைட் சர்ஃபிங் செய்து காட்ட, உலகம் திரும்பிப் பார்த்தது. 1998-இல் அதே தீவில் போட்டியும் நடந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பட்டப் பந்தயம் முதன்முறையாக இடம்பெற்றது.

ஆளை இழுக்கும் பட்டங்கள் அதற்கு முன்பும் இருந்தன. விழுந்த பிறகு என்ன ஆகும் என்று யோசித்துச் செய்த பட்டம்தான் பவளப்பாறை அலை வரை போனது.