விடை சொல்லும் உரிமை: பிறர் சமய நம்பிக்கையை வினவுதல் குறித்து

முன்னுரை

பிறர் சமய நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்தலாமா என்ற வினாவுக்கு இலங்கையில் இரு விடைகள் வழங்குகின்றன. மனத்தைப் புண்படுத்தும் பேச்சு எதுவாயினும் தடுக்கப்பட வேண்டும் என்பது ஒன்று. கருத்துச் சுதந்திரத்துக்கு எல்லையே இல்லை என்பது மற்றொன்று. இரண்டும் கேட்பவரின் சொல்லை மட்டுமே அளக்கின்றன. கேட்கப்படுபவரின் நிலையை நோக்குவதில்லை. வினவப்பட்டவர் அதே அரங்கில், அதே வலிமையோடு விடை சொல்ல முடியுமா என்பதே முதன்மையான அளவுகோல் என இக்கட்டுரை வாதிடுகிறது.

1. பரபக்கமும் அச்சுக்கூடமும்

தமிழ்ச் சமய நூல்கள் வினவலைத் தவிர்த்து வளர்ந்தவை அல்ல. மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகளை அணுகி அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள். நீலகேசி, குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்தது. 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கம், உலகாயதர் தொடங்கிப் பிறர் கொள்கையை முதலில் எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுக்கிறது. எனினும் ஏட்டில் எதிராளிக்கும் நூலாசிரியரே குரல் கொடுக்கிறார். எதிராளி எழுந்து மறுமொழி கூற அங்கு வழியில்லை.

அந்த வழியை அச்சு திறந்தது. அச்சகமும் பள்ளிக்கூடமும் பெரும்பாலும் மிசனரிமாரிடம் இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் வினா ஒரு பக்கமிருந்தே வந்தது. அமெரிக்க மிசன் 1841இல் உதயதாரகையைத் தொடங்கியது. பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். 1854இல் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டார். சைவக் கிரியைகளை இகழ்ந்தோருக்குப் பழைய ஏற்பாட்டின் ஆலயக் கிரியைகளையே எடுத்துக்காட்டி விடையிறுத்தார். சைவரின் கண்ணியத்தை இங்கு மீட்டது தடைச்சட்டமன்று, அச்சகம்.

2. பாணந்துறையும் கொட்டாஞ்சேனையும்

சிங்களப் பௌத்தரிடையே இதே பணியைச் செய்தவர் கொட்டாஞ்சேனை தீபதுத்தாராம விகாரையின் மிகெட்டுவத்த குணானந்த தேரர். 1873 ஆகஸ்ட் 26, 28 ஆகிய நாள்களில் பாணந்துறையில் அவர் வெஸ்லியன் போதகர் டேவிட் டி சில்வா முதலியோருடன் வாதிட்டார். ஆன்மா இல்லையெனில் வினைப்பயனை மறுபிறப்பில் நுகர்பவர் யார் என்று டி சில்வா கேட்டார். தான் படைத்ததற்காகவே மனம் வருந்திய கடவுளை, வீடுகளை இனங்காண வாசற்கால்களில் இரத்த அடையாளம் வேண்டிய கடவுளை முற்றறிவினர் என்பது எங்ஙனம் என்று தேரர் கேட்டார். இதைவிடக் கூர்மையாக ஒரு சமயத்தின் அடிப்படையை வினவுவது அரிது. ஆயினும் ஆயிரக்கணக்கில் திரண்ட கூட்டம் அமைதியாகக் கலைந்தது. நிபந்தனைகள் முன்கூட்டியே உடன்பட்டவை; இரு தரப்பும் மாறிமாறிப் பேசின; நேரமும் சமம்.

பத்தாண்டுகள் கழித்து, 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று, அதே விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் சாந்த லூசியா பேராலயத்துக்கு அண்மையில் தாக்கப்பட்டது, உயிரிழப்பும் நேர்ந்தது. கத்தோலிக்க வழிபாட்டை இழிவுபடுத்தும் உருவங்கள் ஊர்வலத்தில் வருவதாகப் பரவிய வதந்தி சினத்தைத் தூண்டியிருந்தது. பாணந்துறை விவாதம் விதைத்ததையே கொட்டாஞ்சேனை அறுவடை செய்தது என்று வாதிடலாம். அவ்வாதம் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறது: பாணந்துறையில் எதிர்நின்றவர்கள் புரட்டஸ்தாந்தினர். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் அந்த விவாதத்தில் பங்குகொள்ளவில்லை. அதன் நிபந்தனைகளுக்கு உடன்பட்டவர்களும் அல்லர். 1883இல் எவரும் எவரிடமும் கொள்கை பற்றி வினவவில்லை. மேளமும் மணியோசையும் வதந்தியுமே மோதின. வினா ஒடுங்கிய இடத்தில்தான் கல்லெறி தொடங்கியது.

3. மௌனம் காக்கும் அயலவர்

கொலன்னாவை, வெல்லம்பிட்டி போன்ற கலந்து வாழும் பகுதிகளிலிருந்து எழக்கூடிய மறுப்பு இதனினும் வலியது. அங்கே நல்லுறவு, ஒருவர் நம்பிக்கையை மற்றவர் கேளாதிருப்பதில்தான் நிலைக்கிறது என்பர். களனி கங்கை பெருகும்போது அடைக்கலம் தருபவரிடம் யாரும் இறையியல் பேசுவதில்லை. இதில் உண்மை உண்டு. பந்தியில் அமர்ந்தவர் விருந்தோம்புபவரின் விரதத்தை விசாரிப்பது பண்பன்று. ஆனால் கேளாமை அறியாமையாக இறுகிவிடவும் கூடும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களுக்குப் பின்னர், அயல்வீட்டு முஸ்லிம் எதை நம்புகிறார் என்று ஒருநாளும் கேட்டிராதவர்களுக்கு வதந்தியே விடை சொன்னது. அப்போது எழுந்த கேள்விகளோ விசாரணையின் தொனியில் வந்தன. அச்சத்தில் இருப்பவரிடம் கேட்கப்படும் கேள்வி, சொல்லளவில் மென்மையானதாயினும், நியாயமான வினவல் ஆகாது.

4. சட்டம் எதை அளக்கிறது?

அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை எவருக்கும் உறுதிசெய்கிறது. 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்குகிறது. விடை சொல்லும் வலிமை சமமாகப் பங்கிடப்படாத நாட்டில் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கக் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாய (ஐ.சி.சி.பி.ஆர்.) சட்டம், பாகுபாடு, பகைமை, வன்முறை ஆகியவற்றைத் தூண்டும் மத வெறுப்புப் பரப்பலைக் குற்றமாக்கியது. நலிந்தோருக்குக் கேடயமாக வேண்டிய இச்சட்டத்தின் கீழ், ஒரு சிறுகதைக்காக எழுத்தாளர் சக்திக சத்குமார 2019 ஏப்ரலில் கைதாகி மாதக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார், 2021இல் விடுவிக்கப்பட்டார். பௌத்தம் குறித்த மேடை நகைச்சுவைக்காக நடாஷா எதிரிசூரிய 2023 மே மாதத்தில் கைதாகி ஜூலையில்தான் பிணை பெற்றார். மேல் நீதிமன்றமே பிணை வழங்கலாம் என்ற விதியால், தீர்ப்புக்கு முன்பே கைது தண்டனையாகிவிடுகிறது. மறுபுறம், கலகொட அத்தே ஞானசார தேரர் உரையாற்றிய கூட்டத்தை அடுத்து 2014 ஜூனில் அளுத்கமையில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர். இஸ்லாம் பற்றி 2016இல் அவர் கூறியவற்றுக்காகச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதோ 2024இல்தான்.

ஐக்கிய நாடுகளின் 2012 ரபாத் செயற்றிட்டம், தூண்டுதலை அளக்கச் சூழல், பேசுபவர், நோக்கம், உள்ளடக்கம், பரவல், தீங்கு நேரும் வாய்ப்பு என ஆறு கூறுகளை முன்வைக்கிறது. மனம் புண்பட்டது என்பது அவற்றுள் ஒன்றன்று. பெரும்பான்மையினரின் சமயத்தைக் கேலி செய்த தனிக்கலைஞருக்கும், கூட்டம் திரட்டிச் சிறுபான்மையினரைச் சுட்டிய துறவிக்கும் இடையிலான வேறுபாடு இந்தக் கூறுகளால் தெளிவாகிறது.

முடிவுரை

பிறர் நம்பிக்கையை வினவலாம், மூன்று கட்டுப்பாடுகளோடு. வினா கொள்கையை நோக்கட்டும், அதை ஏற்ற மக்களை அன்று. வினவப்பட்டவருக்கு விடைக்கான மேடையும் நேரமும் அச்சமின்மையும் இருக்கட்டும். வினவுபவர் தம் நம்பிக்கையையும் அதே வினாவுக்குத் திறந்து வைக்கட்டும். இவற்றைச் சட்டம் கட்டாயப்படுத்த இயலாது, அவை நெறிகள். சட்டத்தின் பணி அதனினும் குறுகியது: தூண்டுதலைத் தண்டிப்பதும், அச்சமின்றி விடை சொல்லும் சூழலைக் காப்பதும். சிறுகதைக்கு விளக்கமறியலையே விடையாக்கும் அரசு எந்தச் சமயத்தையும் காக்கவில்லை. அச்சமயத்தார் தாமே எழுதியிருக்கக்கூடிய மறுப்புரையையே அது தடுத்துவிடுகிறது.